இலியட் காப்பியத்தில் தேவரும் மக்களும்

யவனர்தம் தொன்னூல்களுள் முதற்கண் வைத்து எண்ணப்படுவது, ஹோமர் என்னும் புலவர் பெயரால் வழங்கும் இலியட் என்னும் போர்க் காப்பியமாகும். அது 24 காண்டங்களும் 15,000-க்கு மேற்பட்ட அடிகளும் உடையது. கி. மு. 8-ஆம் நூற்றாண்டினை ஒட்டி அஃது உருப்பெற்றது என்பது ஆராய்ச்சியாளர் பலர்க்கும் ஒத்த கருத்து. பாணர் வழிவழியாக வாய்மொழியிற் பாடிவந்த மரபே அந்நூற்கு அடிப்படை என்பதனை, மில்மன் பாரி என்னும் அமெரிக்க அறிஞர் 1928-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஆராய்ச்சிகள் விளக்கின. டிராய் நகரைக் கிரேக்கர் பத்தாண்டு முற்றுகையிட்ட போரே அதற்கு நிலைக்களம். ஆயினும், அப்போர் முழுவதும் அந்நூலிற் சொல்லப்படவில்லை. பத்தாம் ஆண்டின்கண் நிகழ்ந்த சில வாரச் செய்திகளே அதன் பொருள். நகர் வீழ்ந்ததும், அதனை வீழ்த்திய மரக்குதிரைச் சூழ்ச்சியும், தலைவனாகிய அக்கிலீஸ் மடிந்ததும் நூலெல்லைக்குப் புறம்பானவை. போர் முழுவதையும் பாடப் புகாது அதன் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒருமைப்பாடு குன்றாது அமைத்தமை பற்றியே அரிஸ்டாட்டில் தம் கவிதையியல் நூலில் ஹோமரை வியந்து பாராட்டினார்.

கதைச் சுருக்கம் வருமாறு. கிரேக்கப் படைத்தலைவனாகிய அகமெம்னான், அக்கிலீஸுக்குப் பரிசிலாக வந்த பிரிசேயிஸ் என்னும் சிறைமகளைக் கவர்ந்துகொள்கின்றான். அதனாற் சினந்த அக்கிலீஸ் போரினின்று நீங்கிவிடுகின்றான். கிரேக்கர் பெருந்தோல்வி எய்துகின்றனர். அக்கிலீஸின் ஆருயிர் நண்பனாகிய பத்திரோக்கிளஸ் அவன் கவசத்தைப் பூண்டு போர்க்களம் புகுந்து, டிராய் மன்னன் பிரியாம் என்பானின் மூத்த மகனாகிய ஹெக்டர் கையால் மடிகின்றான். சினம் இரட்டித்த அக்கிலீஸ் மீண்டும் களம் புகுந்து ஹெக்டரைக் கொன்று, அவனுடலைத் தேரிற் கட்டி இழுக்கின்றான். முதியவனாகிய பிரியாம் இரவிற் பகைவன் பாசறைக்குச் சென்று மகனுடலை வேண்டிப் பெறுகின்றான். ஹெக்டருக்குச் செய்யும் ஈமக்கடனோடு காப்பியம் முடிவுபெறுகின்றது.

இத்துணைப் புகழ் வாய்ந்த நூலுக்குத் தன் நாட்டிலேயே கடுங் கண்டனம் எழுந்தது. கி. மு. 6-ஆம் நூற்றாண்டிற் பிறந்த கொலோபன் நகரத்துச் செனாபனிஸ், களவும் பிறன்மனை விழைதலும் வஞ்சனையுமாகிய மக்கட் குற்றங்களையெல்லாம் ஹோமரும் ஹெசியடும் தேவர்மேல் ஏற்றிப் பாடினர் என்று கடிந்தார். கி. மு. 4-ஆம் நூற்றாண்டில் பிளேட்டோ தம் குடியரசு என்னும் நூலின் இரண்டாம் மூன்றாம் பகுதிகளில் அக்குற்றச்சாட்டை விரித்துரைத்தார். தேவர் ஒருவரோடொருவர் பொருதலும், ஒருவரையொருவர் வஞ்சித்தலும் இளைஞர் செவியிற் படலாகாது என்பது அவர் துணிபு. அஃதன்றியும், அக்கிலீஸ் நண்பனை இழந்து புலம்பியதும், பிரியாம் புழுதியிற் புரண்டு அழுததும், தேவர் தலைவனாகிய ஜீயஸ் தன் மகன்பொருட்டு இரங்கியதும் நீக்கத்தக்கன என்று அவர் கூறினார். நகர் காக்கும் வீரர் இவற்றைக் கேட்பின் நெஞ்சுரம் இழப்பர் என்பது அதற்கு அவர் காட்டிய காரணம். பத்தாம் பகுதியிற் கவிதையையே தம் நகரினின்று விலக்கும் அளவிற்கு அவர் சென்றார்.

அக்கண்டனத்துக்கு விடையிறுப்பாரும் தொன்றுதொட்டே உளர். செனாபனிஸ் காலத்தை ஒட்டியே ரீஜியம் நகரத்துத் தியாஜெனிஸ், தேவர் போர் என்பது தீயும் நீரும் போன்ற பூதங்களின் முரணைக் குறிப்பால் உணர்த்துவது என்று உருவகப் பொருள் கண்டார். இவ்விடை செய்யுளைக் காத்தற்பொருட்டுச் செய்யுளையே மாற்றுவதாகும். மகனுக்காக இரங்கும் ஜீயஸை ஒரு பூதமாக்கிவிட்டால் ஆண்டு இரங்குவார் யாருமிலர். லாஞ்சைனஸ் பெயரால் வழங்கும் உயர்நடை பற்றிய நூலின் ஆசிரியரோ, ஹோமர் மக்களைத் தேவராகவும் தேவரை மக்களாகவும் ஆக்கிவிட்டார் போலும் என்று கருதினார். இக்கூற்றுச் செய்யுளின் இயல்பை ஒருவாறு தொட்டுச் செல்லினும் முற்றும் பொருந்துவதன்று. இலியட்டில் தேவர் மக்களாயினர் அல்லர். மக்களுக்கு உரிய ஒன்று அவரிடத்து இல்லை. அவ்வொன்று யாதென ஆராய்ந்து துணிந்தாலன்றி, நூலாசிரியர் தேவரைப் போற்றினாரா பழித்தாரா என்னும் வினாவிற்கு விடை கிட்டாது.

முதற்கண், அக்காப்பியத்துள் தேவர் எனப்படுவார் எத்தன்மையர் என்பது அறியற்பாலது. அவர் பிறப்புடையவர், இறப்பில்லாதவர். அவர்தம் உடலிற் குருதிக்கு மாறாக ஐக்கோர் என்னும் வேறொரு நீர் ஓடுகின்றது. ஜீயஸ், போசெய்டான், ஹேடிஸ் என்னும் உடன்பிறந்தார் மூவரும் சீட்டிட்டு, முறையே வானையும் கடலையும் கீழுலகையும் பங்கிட்டுக்கொண்டனர் என்றும், மண்ணுலகும் ஒலிம்ப்பஸ் மலையும் மூவர்க்கும் பொதுவாயின என்றும் பதினைந்தாம் காண்டம் கூறும். ஜீயஸின் மனைவியாகிய ஹீரா அவனுக்கு உடன்பிறந்தாளும் ஆவாள். எனவே, ஒலிம்ப்பஸ் என்பது ஒரு பெருங்குடும்பமே. அக்குடும்பத்திற்குரிய பூசலும் பொறாமையும் ஊடலும் அங்கே மலிந்துள்ளன. படைத்தல் காத்தல் முதலிய தொழில்களுக்கெல்லாம் முதலாய் நிற்கும் ஒருவனைக் கருதிக் கடவுள் என்னுஞ் சொல்லை வழங்குவோர், அச்சொல்லை இவர்மேல் ஏற்றிப் பார்த்து மயங்குதல் கூடாது. செனாபனிஸ் இக்குறைபாட்டைக் கண்டே, மக்களை உருவாலும் உள்ளத்தாலும் ஒவ்வாத ஒரு தெய்வத்தை நாடினார். அவ்வளவில் அவர் உரை முற்றிலும் ஏற்கத்தக்கதே.

இனி, இத்தேவர் போரின்கண் தலையிடுதற்குக் காரணங்களுள் தலையாயது இரத்த உறவாகும். லிக்கியா நாட்டு மன்னன் சார்ப்பீடன் ஜீயஸின் மகன். டிராய் வீரனாகிய ஈனியஸ் அப்ரோடைட்டி என்னும் தேவியின் மகன். அக்கிலீஸ் கடல்மகளாகிய தெதிஸ் வயிற்றிற் பிறந்தவன். இவ்வாறு தேவர்குடியும் மக்கட்குடியும் பின்னிக் கிடக்கின்றன. ஆயின், அவ்வுறவு தேவரிடத்து எவ்வளவு ஆழம் சென்றது என்பதைப் புலவர் ஓரிடத்து நுட்பமாகக் காட்டுகின்றார். ஐந்தாம் காண்டத்தில் டையமீடிஸ் என்னும் கிரேக்க வீரன் எறிந்த கல்லால் ஈனியஸ் வீழ்கின்றான். அப்ரோடைட்டி அவனைத் தன் கைகளில் ஏந்திக் களத்தினின்று அகற்றுகின்றாள். டையமீடிஸ் அவளையும் துரத்தி மணிக்கட்டில் வேலாற் கீறுகின்றான். அலறிய தேவி மகனைக் கைவிட்டுவிடுகின்றாள். அப்பல்லோ அவனைத் தாங்கிக் காத்தான். தேவியோ தேரேறி ஒலிம்ப்பஸ் சென்று தன் தாயாகிய டயோனியின் மடியில் வீழ்ந்து அழுகின்றாள். தாய் கையாற் றடவிய அளவில் புண் ஆறிவிடுகின்றது. ஜீயஸ் முறுவலித்து, போர்த்தொழில் அவளுக்கு உரியதன்று என அறிவுறுத்துகின்றான். ஒரு கீறலுக்கு ஆற்றாது மகனை நழுவவிட்ட தாயை இங்கே காண்கின்ற கற்போர், மகன் உடலின்பொருட்டு உயிரைப் பொருட்படுத்தாது செல்லும் முதிய தந்தையை இறுதிக் காண்டத்திற் காண்பர். அவ்விரண்டினையும் ஒருங்கு வைத்து நோக்குதல் இன்றியமையாதது.

போர்த்தேவனாகிய ஏரிஸ் நிலையும் இத்தகையதே. அவன் மகன் அஸ்கலாபஸ் பதின்மூன்றாம் காண்டத்தில் மடிகின்றான். தந்தைக்கு அச்செய்தி பதினைந்தாம் காண்டத்திலேதான் எட்டுகின்றது. உடனே அவன் துடையில் அறைந்துகொண்டு பழிவாங்கப் புறப்படுகின்றான். அதீனா அவன் தலைச்சீராவையும் கேடகத்தையும் பறித்து, இவனினும் வலியோர் பலர் மாண்டனர், இனியும் மாள்வர் எனக் கூறி, மீண்டும் இருக்கையில் அமர்த்துகின்றாள். அவனும் அமர்ந்துவிடுகின்றான். இருபத்தொன்றாம் காண்டத்தில் தேவர் தமக்குள் இருபக்கமாய் நின்று பொருகின்றனர். அதீனா ஏரிஸைக் கல்லால் அடித்து வீழ்த்துகின்றாள். ஹீரா, ஆர்ட்டெமிஸ் கையிலிருந்த வில்லைப் பறித்து அவ்வில்லாலேயே அவள் காதோரம் அடிக்கின்றாள். மேலிருந்து நோக்கிய ஜீயஸ் உளமகிழ்ந்து நகைக்கின்றான். அடிபட்டவர் யாவரும் மாலைக்குள் விருந்திற்கு ஒருங்கு கூடுவர் என்பது அவனுக்குத் தெரியும். அதே நாளில் ஆற்றங்கரையில் அக்கிலீஸ் கொன்ற இளைஞர் உடலங்கள் நீரோட்டத்தைத் தடுக்கும் அளவிற்குக் குவிந்து கிடக்கின்றன. இவ்விரண்டு காட்சிகளையும் ஒரே காண்டத்தில் அடுத்தடுத்து நிறுத்திய புலவர், தேவர் பூசலை விளையாட்டாகவே காட்டினார் என்பது தெளிவு. பிளேட்டோ அதனை இழுக்கு என்றார். அவ்விழுக்கைப் புலவர் அறியாமல் இழைத்தார் என்பதற்கோ நூலில் இடமில்லை.

அற்றேல், ஜீயஸ் தன் மகன்பொருட்டு இரங்கியது விளையாட்டாகுமோ எனின், ஆகாது. பதினாறாம் காண்டத்திற் சார்ப்பீடனும் பத்திரோக்கிளஸும் எதிர்ப்படுகின்றனர். மகன் சாவு நெருங்கியதை அறிந்த ஜீயஸ், அவனை உயிரோடு எடுத்து லிக்கியாவிற் சேர்ப்பதா, ஊழின்வழி விடுவதா என நெஞ்சம் இருகூறுபட்டு ஹீராவிடம் உரைக்கின்றான். சாதற்கென்று விதிக்கப்பட்ட ஒருவனை மீட்பாயாயின், டிராய் நகரைச் சூழ்ந்து பொரும் தேவமைந்தர் இன்னும் பலர் உளர். அவர்தம் பெற்றோரும் அவ்வாறே செய்ய விழைவர் என அவள் தடுக்கின்றாள். ஜீயஸ் உடன்படுகின்றான். மகனைச் சிறப்பித்தற்பொருட்டுக் குருதித்துளிகளை மண்மேற் பொழிகின்றான். மடிந்த மைந்தனை அப்பல்லோ நீராட்டி அமுதம் பூச, உறக்கமும் சாவுமாகிய இரட்டையர் லிக்கியாவிற்கு எடுத்துச் செல்கின்றனர். இவ்வளவே தேவர் தலைவனால் இயன்றது. இப்பகுதியை நீக்கிவிட வேண்டும் என்பது பிளேட்டோ கருத்து. நீக்கிவிடின், தந்தையாதல் என்பது எத்துணை வலியோனையும் நோவச்செய்யும் என்னும் உண்மை நூலினின்று மறையும். தேவர்க்கும் மக்கட்கும் இடையே புலவர் வைத்த ஒரே பாலம் அந்நோவாகும். ஆயினும், அப்பாலத்தின்மேல் ஜீயஸ் சிறிதளவே நடக்கின்றான். சில அடிகள் கழிந்தபின் அவன் எண்ணம் அடுத்த போர்த்திட்டத்திற் சென்றுவிடுகின்றது.

அப்பாலத்தின் நடுவில் நிலைபெற்றவள் ஒருத்தி உளள், அவளே தெதிஸ். தேவகுலத்தவளாயிருந்தும் பீலியுஸ் என்னும் மனிதனுக்கு விருப்பமின்றி மணம் செய்விக்கப்பட்டவள். முதுமை தாக்கிய கணவன் ஒருபுறமும், குறைந்த வாழ்நாளே பெற்ற மகன் மற்றொருபுறமுமாக அவள் இறவாமையே அவளுக்குத் துன்பமாயிற்று. முதற் காண்டத்தில் மகன் வேண்டுகோட்கு இரங்கி, கிரேக்கர் தோற்க வேண்டும் என்று ஜீயஸை வேண்டி வரம் பெறுகின்றாள். அவ்வரமே பத்திரோக்கிளஸின் உயிரைக் கொள்கின்றது. பதினெட்டாம் காண்டத்தில் நண்பனை இழந்து மண்ணிற் கிடக்கும் மகன் தலையைத் தன் கையால் ஏந்தி அழுகின்றாள். வேண்டியதை ஜீயஸ் நிறைவேற்றினான் அன்றோ என வினவுகின்றாள். ஆம், ஆயினும் அதனால் என்ன இன்பம் என அவன் விடையிறுக்கின்றான். அதன்பின் அவளால் இயன்றது ஹிபேஸ்டஸ் என்னும் தேவதச்சனிடம் புதுக்கவசம் பெற்றுத் தருதலே. கவசம் தரமுடிந்த தாய்க்கு வாழ்நாள் தரமுடியவில்லை. இவ்விடத்துப் புலம்பலையும் பிளேட்டோ கடிந்தார். தேவர் புலம்புதல் பெருமைக்கு ஏலாது என்பது அவர் கருத்து. காப்பியத்துள் தேவர் பெருமை ஓங்கும் இடம் இருப்பின் அது இப்புலம்பலே என்பது செய்யுள் கற்பார்க்கு விளங்கும்.

இனி, மக்கட்குடிகளின் இயல்பைக் காண்க. ஆறாம் காண்டத்தில் ஹெக்டர் போர்க்களத்தினின்று நகருள் வருகின்றான். வாயிலில் மனைவி அந்திரோமக்கி கைக்குழந்தையோடு எதிர்ப்படுகின்றாள். அவள் தந்தையையும் உடன்பிறந்தார் எழுவரையும் அக்கிலீஸ் கொன்றுவிட்டான், தாயும் மாண்டாள். ஆதலின், தனக்குத் தந்தையும் தாயும் உடன்பிறந்தானும் கணவனும் ஹெக்டரே என உரைத்து, மதிலுக்குள் நின்று பொருமாறு வேண்டுகின்றாள். நகர் அழியும் என்பதை அவனும் உள்ளத்தால் அறிவான். ஆயினும் நாணம் அவனைக் களத்திற்கு ஈர்க்கின்றது. குழந்தையை வாங்கக் கைநீட்டுகின்றான். குதிரைமயிர்க் குடுமி அசையும் தலைச்சீராவைக் கண்டு அஞ்சிய குழந்தை வீறிட்டுச் செவிலியின் மார்பில் ஒடுங்குகின்றது. பெற்றோர் இருவரும் நகைக்கின்றனர். ஹெக்டர் சீராவைக் கழற்றித் தரையில் வைத்து, மகனை முத்தமிட்டுக் கையிலேந்தி, இவன் தன்னினும் சிறந்தவன் என ஊரார் ஒருநாள் சொல்லவேண்டும் என்று ஜீயஸையும் ஏனைத் தேவரையும் வேண்டுகின்றான். இவ்வேண்டுதல் நிறைவேறாது என்பதைக் கேட்போர் அறிவர். இறுதிக் காண்டத்தில் அந்திரோமக்கியே, பகைவருள் ஒருவன் இக்குழந்தையை மதில்மேலிருந்து எறிந்து கொல்வான் என அஞ்சிப் புலம்புகின்றாள். தந்தை என்னும் நிலைக்காகப் போர்க்கோலத்தை ஒரு நொடியேனும் கழற்றி வைத்தவன் ஹெக்டர். நூல் முழுவதிலும் அந்நொடிக்கு ஒப்பான அமைதி ஒலிம்ப்பஸில் எங்கும் காணப்படவில்லை.

பகைவர் இருவர் வேலை உறவு தடுத்த செய்தியும் அதே காண்டத்தில் வருகின்றது. லிக்கியா நாட்டுக் கிளாக்கஸும் முன்னர்க் கூறிய டையமீடிஸும் எதிர்நின்று குலமுறை கிளத்துகின்றனர். கிளாக்கஸின் பாட்டனாகிய பெல்லரபானை டையமீடிஸின் பாட்டனாகிய ஈனியுஸ் 20 நாள் விருந்தோம்பிய செய்தி வெளிப்படுகின்றது. உடனே இருவரும் தேரினின்று இழிந்து கைப்பற்றிக் கவசங்களை மாற்றிக்கொள்கின்றனர். கிளாக்கஸ் தந்தது 100 எருது பெறும் பொற்கவசம். பெற்றது 9 எருது பெறும் வெண்கலக் கவசம். ஜீயஸ் அவன் அறிவைக் கவர்ந்தான் என்று புலவர் முறுவலோடு சொல்கின்றார். பாட்டன்மார் ஒருவர்க்கொருவர் இட்ட சோறு பேரன்மார் கைவேலைத் தடுத்தது. போர் நிற்றற்கு அக்களத்திற் கண்ட வழி இஃதொன்றே.

உறவென்பது தேவர் கையில் என்னாகின்றது என்பதை இருபத்திரண்டாம் காண்டம் காட்டும். மதில்மேல் நின்று பிரியாமும் ஹெக்யூபாவும் கெஞ்சியழைத்தும் உட்புகாது நின்ற ஹெக்டர், அக்கிலீஸ் நெருங்கியவுடன் அஞ்சி ஓடுகின்றான். நகரை மும்முறை சுற்றியபின், அதீனா அவன் தம்பியாகிய டெயிபோபஸின் உருவிற் றோன்றி, உடனிருந்து பொருவதாக உறுதி கூறுகின்றாள். பெற்றோர் தடுப்பவும் தன்பொருட்டு மதில்கடந்து வந்த தம்பி என நம்பி அவன் நெகிழ்கின்றான். எறிந்த வேல் பயன்படாது போக, மற்றொரு வேலுக்குத் தம்பியை நோக்கினான். அவன் ஆண்டு இல்லை. தேவர் தன்னைச் சாவிற்கு அழைத்தனர் என்பதை அப்பொழுதே அறிகின்றான். தேவி அவனை வெல்லப் படைக்கலம் எதனையும் தேர்ந்திலள். உடன்பிறப்பன்பையே தூண்டிலாகக் கொண்டாள். இது தேவர் வஞ்சனைக்குச் சான்று எனச் செனாபனிஸ் வழியில் நின்று எடுத்துக்காட்டலாம். புலவர் அதனை மறைத்திலர், மெழுகிப் பூசினாரும் அல்லர். கேட்போர் நெஞ்சம் அந்நொடியில் தேவியின் பக்கம் நில்லாது ஏமாந்தவன் பக்கம் நிற்கும்படியே அவர் பாடியுள்ளார்.

ஹெக்டரைக் கொன்ற அக்கிலீஸ், பத்திரோக்கிளஸின் ஈமத்தில் டிராய் இளைஞர் பன்னிருவரை வெட்டி இடுகின்றான். நாள்தோறும் ஹெக்டருடலை நண்பன் சமாதியைச் சுற்றி இழுக்கின்றான். இதனைக் கண்டு பொறாத அப்பல்லோ பன்னிரண்டாம் நாளில் தேவர் அவையிற் குறை கூறுகின்றான். உடன்பிறந்தானையோ மகனையோ இழந்தவரும் அழுது ஓய்ந்துவிடுவர். இவனிடத்து இரக்கமும் இல்லை, நாணமும் இல்லை என்பது அவன் முறையீடு. அதற்கு ஹீரா இறுத்த விடை நோக்கத்தக்கது. ஹெக்டர் மானிடப்பெண்ணின் பால் உண்டவன்; அக்கிலீஸோ தேவியின் மகன்; இருவர்க்கும் ஒரே சிறப்பு எங்ஙனம் பொருந்தும் என்றாள். இறந்தவன் உடலை இழிவுசெய்தல் முறையோ என்னும் வினாவிற்குப் பிறப்புயர்வு விடையாக வந்தது. ஜீயஸ் இருவர்க்கும் இடைநின்று, ஹெக்டர் இட்ட வேள்விப் படையலை நினைந்து, உடலைப் பிணைப்பொருளுக்கு விடுமாறு தெதிஸ் வாயிலாக ஆணையனுப்புகின்றான்.

பிரியாமுக்கு மைந்தர் ஐம்பதின்மர் இருந்தனர். அவருள் பத்தொன்பதின்மர் ஒரு வயிற்றிற் பிறந்தோர். பலர் மடிந்துவிட்டனர். மனைவி தடுத்தும் கேளாமல், பொன்னும் ஆடையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அம்முதியோன் இரவிற் புறப்படுகின்றான். ஹெர்மிஸ் என்னும் தேவன் இளைஞன் வடிவில் வழித்துணையாகிக் காவலரை உறங்கச்செய்து, அக்கிலீஸின் குடில்வரை அவனைக் கொணர்ந்து சேர்க்கின்றான். ஆண்டுத் தன்னை இன்னானென அறிவித்து, இறவாதவர் மக்களை இவ்வாறு வெளிப்படையாய்ப் பேணுதல் தகாது எனச் சொல்லி, உட்புகாது ஒலிம்ப்பஸுக்கு மீள்கின்றான். தேவர் யாருமில்லாத அக்குடிலுள் பிரியாம் நுழைந்து, தன் மைந்தர் பலரைக் கொன்ற கைகளை முத்தமிடுகின்றான். அக்கிலீஸின் தந்தை பீலியுஸைத் தன்னைப்போலவே முதுமையின் வாயிலில் நிற்கும் ஒருவனாக நினைக்குமாறு வேண்டுகின்றான். இருவரும் அழுகின்றனர்: ஒருவன் ஹெக்டரை எண்ணியும், மற்றவன் தன் தந்தையையும் ஒருகாற் பத்திரோக்கிளஸையும் எண்ணியும்.

ஈண்டு ஒரு தடை எழும். உடலை விடுமாறு ஆணையிட்டவன் ஜீயஸ்; வழிகாட்டியவன் ஹெர்மிஸ்; ஆகலின் அவ்விரக்கச் செயலின் சிறப்புத் தேவர்க்கே உரியதன்றோ எனின், ஆணையின் அளவை நோக்குக. ஜீயஸ் பணித்தது பிணைப்பொருள் வாங்கிக்கொண்டு உடலைக் கொடுத்தல் மட்டுமே. பகைவன் நரைத்தலையும் நரைத்தாடியும் கண்டு இரங்குமாறோ, அவனைக் கைப்பற்றி எழுப்புமாறோ, உடனிருத்தி உண்பிக்குமாறோ யாரும் பணிக்கவில்லை. அவற்றை அக்கிலீஸ் தானே செய்கின்றான். அதுவும் எளிதிற் செய்தானல்லன். பிரியாம் விரைவுபடுத்தியவுடன் அவன் சினம் மீண்டும் தலைதூக்குகின்றது. தன்னைத் தூண்டவேண்டா எனக் கடிந்து, அரிமாப் போல வெளியே பாய்கின்றான். ஹெக்டருடலை மறைவில் நீராட்டுவிக்கின்றான். தந்தை அதனைக் கண்டு கதறினால் தன் சினம் பொங்கி அவனைக் கொன்றுவிடக்கூடும் என்பதனைத் தானே உணர்ந்து அவ்வாறு செய்கின்றான். தன் சினத்தை முன்னறிந்து அதற்கு வேலியிடும் அறிவு, முதற் காண்டத்து அக்கிலீஸிடத்து இருந்ததன்று; அன்று வாளுருவிய அவன் கையை அதீனா குடுமி பற்றித் தடுக்க நேர்ந்தது. இறுதிக் காண்டத்தில் அவ்வேலையைப் பீலியுஸின் நினைவு செய்கின்றது. அதன்பின் ஹெக்டரின் ஈமக்கடனுக்கு எத்துணை நாள் வேண்டும் என அவனே வினவி, 11 நாள் போரை நிறுத்துவதாக உறுதி தருகின்றான்.

தேவரிடத்து இல்லாத அவ்வொன்று இதுவேயாகும். சாவோன் ஒருவன் மற்றொரு சாவோன் முகத்தில் தன் தந்தையைக் காணமுடிகின்றது. இறவாதவர்க்கு இழந்து மாயும் தந்தை இல்லை. ஆகலின் பகைவன் முகத்திற் காண்பதற்கும் யாரும் இலர். அவர்தம் அன்பு தத்தம் மகவோடு நின்றுவிடுகின்றது. ஜீயஸ் சார்ப்பீடனுக்கு இரங்கினானேயன்றி, அவனைக் கொன்றவன் தந்தைக்கு இரங்கினான் என்பது நூலில் இல்லை. புலம்பல் வீரர் நெஞ்சுரத்தைக் கெடுக்கும் என்ற பிளேட்டோவின் அச்சத்திற்கு விடையும் ஈண்டே உளது. அக்கிலீஸ் அழுது தீர்த்தபின்னரே கொலைவெறி தணிந்தான். உடலை இழுத்துத் திரிந்த நாள்களில் அன்று. பிரியாம் புழுதியிற் புரண்டு அழுத அழுகையே அவனை அஞ்சாது பகைவன் குடிலுக்கு நடத்தியது. அதனினும் மேற்பட்ட நெஞ்சுரம் அக்காப்பியத்தில் எந்த வாட்போரிலும் காட்டப்படவில்லை.

இவ்வாறு கூறுதலால் நூல் குற்றமற்றது என்பது கருத்தன்று. ஈமத்தில் வெட்டுண்ட பன்னிருவர்க்குப் பெயரும் இல்லை, அவர்க்கென அழும் தந்தையும் காட்டப்படவில்லை. சிறைமகளிர் பரிசிற்பொருளாகவே கைமாறுகின்றனர். ஆயினும், பத்தொன்பதாம் காண்டத்தில் பிரிசேயிஸுக்குப் புலவர் வாய்திறந்து பேச இடம் அளித்தார். கணவனையும் உடன்பிறந்தார் மூவரையும் ஒரே நாளில் இழந்த அவள், தன்னிடம் இன்சொல் வழங்கிய பத்திரோக்கிளஸின் உடல்மேல் வீழ்ந்து அழுகின்றாள். உடனிருந்த மகளிர், பத்திரோக்கிளஸைக் காரணமாக வைத்துத் தத்தம் துயரையே அழுதனர் என்கின்றார் புலவர். இறுதிக் காண்டத்தின் அழுகைக்கு இது முன்னோடியாகும். அரசரும் வீரரும் கற்குமுன் அதனைச் சிறைமகளிர் கற்றிருந்தனர்.

ஆதலின், இந்நூலைக் கற்பார் தேவரது ஒழுக்கத்தை உரைகல்லாகக் கொள்ளாதிருத்தல் வேண்டும். செனாபனிஸ் கண்ட குறை உண்மையே; அதனை உருவகத்தால் மறைத்தல் வேண்டா. நூலாசிரியர் தாம் மதிப்பதை எங்கே வைத்தார் என்பதற்கு நூலின் முடிவே சான்று. ஹெக்டருடல் நகருள் வந்தவுடன் மூவர் முறையே புலம்புகின்றனர். முதலில் மனைவி, பின்னர்த் தாய், இறுதியில் ஹெலன். அவள் அந்நகரிற் பிறந்தவளல்லள், அப்போர்க்கே காரணமானவள். மூன்றாம் காண்டத்தில் மதில்மேல் நின்று கிரேக்கர் படையில் தன் உடன்பிறந்தார் இருவரையும் தேடிக் காணாது வருந்தியவள். அவர் தாய்நாட்டில் முன்னரே மாண்டதை அறியாதவள். கணவன் வீட்டார் பலர் கடிந்துரைத்த காலத்தும், ஹெக்டர் தன்னிடம் ஒரு வன்சொல்லும் கூறியதில்லை என்றும், பிரியாம் என்றும் தந்தையைப்போல் மென்மையாக இருந்தான் என்றும் சொல்லி அழுகின்றாள். அவளோடு கூடிநின்ற மக்களும் அழுகின்றனர். பின்னர் ஒன்பது நாள் விறகு கொணர்ந்து, பத்தாம் நாள் உடலை எரியூட்டி, மறுநாள் எலும்புகளைப் பொற்பேழையில் இட்டுக் கற்குவித்து, பிரியாம் மனையில் ஈமவிருந்து உண்கின்றனர். அவ்விருந்தில் தேவர் ஒருவரும் வந்ததாகப் புலவர் பாடவில்லை.